அறுபத்தாறு வயதில் ஒரு நியமம்

சன்னிதியின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்க மனம் விழைகிறது. விழுந்தால் எழுப்பிவிட இருவர் வேண்டுமே என்று உடல் தயங்குகிறது. கோபுர வாசலின் உயர்ந்த நிலைப்படியைத் தாண்டப் பக்கத்தில் வருபவரின் தோள் தேவைப்படுகிறது. மண்டபத்தில் எல்லோரும் தரையில் அமர்ந்து பாராயணம் செய்யும்போது, ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கண்கள் தேடுகின்றன. ஆலயத்துக்கு வரும் மூத்த அன்பர்களில் பலருக்கு இது முதுமையால் மட்டும் நேர்ந்த இடர் அன்று. இருபது, முப்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த உடல் எடைக்கும் அதில் பங்கு உண்டு.

மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். பிள்ளைகளும் சொல்கிறார்கள். மகன் ஆசையாக வாங்கித் தந்த நடைப்பயிற்சி இயந்திரத்தின் மேல் இப்போது ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருக்கிறது. "ஐந்து கிலோ என்றால் முயன்று பார்க்கலாம், இருபது, இருபத்தைந்து கிலோவை இந்த வயதில் குறைப்பதாவது! போகிற காலத்துக்கு இது எதற்கு?" என்ற பேச்சோடு அந்த முயற்சி முடிந்துவிடுகிறது.

அந்தப் பேச்சுக்கு மறுமொழியாக அமைந்த ஒரு மனிதர் 160 ஆண்டுகளுக்கு முன் லண்டன் மாநகரில் வாழ்ந்தார். அவர் துறவியல்லர், மருத்துவரும் அல்லர். பெயர் வில்லியம் பேன்டிங். இன்சுலினைக் கண்டறிந்தோரில் ஒருவரான கனடா நாட்டு மருத்துவர் பேன்டிங் வேறு, இவர் வேறு. சவப்பெட்டி செய்து இறுதி ஊர்வலங்களை நடத்திக் கொடுப்பது இவருடைய குடும்பத் தொழில். இங்கிலாந்து அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளையும், 1852-இல் மறைந்த வெல்லிங்டன் பிரபுவின் இறுதிச் சடங்குக்கான பணிகளையும் ஏற்றுச் செய்த குடும்பம் அது. பொருளுக்குக் குறைவில்லை, சமூகத்தில் மதிப்புக்கும் குறைவில்லை. குறை உடலில்தான் இருந்தது.

படியில் பின்புறமாக இறங்கியவர்

1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பேன்டிங்கின் எடை 202 பவுண்டு; அதாவது ஏறத்தாழ 92 கிலோ. உயரம் ஐந்து அடி ஐந்து அங்குலம். தம் வயது அறுபத்தாறு என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் இயலவில்லை. சிறிது நடந்தாலும் மூச்சு வாங்கியது. மாடிப்படியில் இறங்கும்போது, முழங்காலும் கணுக்காலும் அதிர்ச்சியைத் தாங்காது என்பதால், பின்புறமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்குவாராம். தொப்புளில் குடலிறக்கம் கண்டிருந்தது. பார்வை மங்கிக்கொண்டு வந்தது. காது மந்தமாகிக்கொண்டு வந்தது.

உடல் துன்பத்துக்கு இணையாக அவரை வருத்தியது ஊராரின் பேச்சு. பொதுக் கூட்டத்திலும் வண்டியிலும் ஏறி அமரும்போது எழும் ஏளனச் சொற்களைக் கேட்க நேருமே என்று, பலர் கூடும் இடங்களை அவர் தவிர்க்கத் தொடங்கினார். தமிழ்நாட்டுத் திருமண மண்டபங்களிலும் இந்தத் துன்பத்தை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும் உறவினர், "சௌக்கியமா?" என்று கேட்பதற்கு முன், "என்ன அக்கா, இப்படிப் பெருத்துவிட்டீர்கள்!" என்று பந்தி நடுவில் கேட்டுவிடுவார். கேட்டவர் அடுத்த நொடியில் அதை மறந்துவிடுவார். கேட்கப்பட்டவர் அடுத்த திருமணத்துக்குச் செல்லாமலிருக்க ஒரு காரணம் தேடுவார்.

பேன்டிங் முயலாமல் இருந்தவர் அல்லர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர் பலவற்றை முயன்றார். உடலுழைப்பு வேண்டும் என்று நண்பரான அறுவை மருத்துவர் ஒருவர் கூறியதால், அதிகாலையில் ஆற்றில் இரண்டு மணி நேரம் கனத்த படகைத் துடுப்பிட்டு ஓட்டினார். தசைகள் வலுப்பெற்றன, அதோடு பசியும் அடங்காமல் பெருகியது, உண்டார், எடை முன்னிலும் கூடியது. படகு ஓட்ட வேண்டாம் என்று அந்த நண்பரே நிறுத்தச் சொல்லிவிட்டார். பின்னர் கடற்காற்று, கடல் நீராடல், குதிரைச் சவாரி, புகழ்பெற்ற ஊற்று நீர், பலவகை மருந்துகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக முயன்றார். நீராவிக் குளியல் ஐம்பது முறை எடுத்துக்கொண்டார். குறைந்தது ஆறே பவுண்டு. மிகச் சொற்பமாக உண்டு வாழ்ந்தும் பார்த்தார். உடல் நலிந்து கொப்புளங்களும் கட்டிகளும் தோன்றின. பருமன் மட்டும் அப்படியே இருந்தது.

இந்த முயற்சிகள் அனைத்துக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் ஒரு கடுந்தவம் போன்றது. சில வாரம், சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யலாம். ஆயுள் முழுதும் செய்ய இயலாது. தவம் கலைந்தவுடன் பழைய வாழ்க்கை பழைய இடத்திலேயே காத்திருந்தது. காலையில் படகு ஓட்டியவரின் உணவு மேசையில் வெண்ணெய் தடவிய ரொட்டியும், பாலும் சர்க்கரையும் மிகுதியாகக் கலந்த தேநீரும் முன்போலவே இருந்தன.

காது மருத்துவர் சொன்ன ஆறு பொருள்கள்

காது மந்தமாகிறது என்றுதான் 1862-இல் அவர் வில்லியம் ஹார்வி என்னும் செவி மருத்துவரிடம் சென்றார். கல்லீரலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த கிளாட் பெர்னார்டின் விரிவுரைகளைப் பாரிஸ் நகரில் கேட்டு வந்தவர் ஹார்வி. நோயாளியைப் பார்த்த அவர், செவிக் குறையின் வேர் உடற்பருமனில் இருக்கிறது என்று கருதினார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறையும் கூடியவரையில் விலக்குமாறு சொன்னார்.

பேன்டிங்குக்கு வியப்பு. இவையெல்லாம் தீங்கற்றவை என்றே அவர் அதுவரை எண்ணியிருந்தார். அவருடைய அன்றாட உணவே அவற்றின் மேல்தான் நின்றது. ஆயினும் சொன்னபடி செய்தார். பட்டினி கிடக்கவில்லை, நாளுக்கு நான்கு வேளை உண்டார். உண்ணும் பொருளும் அளவுமே மாறின.

அவருடைய புதிய உணவுப் பட்டியலில் மாமிசமும் மதுவும் இடம்பெற்றிருந்தன. அது அந்த நாட்டாரின் வழக்கம். இன்றைய மருத்துவம் அந்தப் பட்டியலை அப்படியே ஏற்பதும் இல்லை. சைவ உணவு உண்ணும் இல்லங்கள் அதைப் பின்பற்ற வேண்டிய தேவையும் இல்லை. அவரிடமிருந்து கொள்ளத்தக்கது அவர் வைத்திருந்த கணக்கு.

52 கிராமின் கணக்கு

பேன்டிங் தம் எடையைத் தேதி வாரியாகக் குறித்து வந்தார். 1862 ஆகஸ்டு 7: 202 பவுண்டு. செப்டம்பர் 7: 200. அக்டோபர் 19: 193. டிசம்பர் 24: 184. மறு ஆண்டு ஏப்ரல் 8: 173. ஜூலை 1: 161. ஆகஸ்டு 26: 156. செப்டம்பர் 12: 156.

இரண்டாம் வரியைக் கவனிக்க வேண்டும். அதில் குறைந்திருந்தது இரண்டே பவுண்டு. ஒரு கிலோகூட இல்லை. 92 கிலோ எடையுள்ளவரின் உடலில் அது கண்ணுக்குத் தெரியாது. இடுப்புத் துணிக்குக்கூடத் தெரியாது. "பார்த்தாயிற்று, பயனில்லை" என்று 30 ஆண்டுகளில் எத்தனையோ முறை கைவிட்டவர், இம்முறை அந்த இரண்டு பவுண்டைக் குறித்துக்கொண்டு அடுத்த வேளை உணவுக்கு அமர்ந்தார். அவருடைய வெற்றி அந்த வரியில்தான் தொடங்குகிறது.

401 நாட்களில் 46 பவுண்டு குறைந்தது. ஏறத்தாழ 21 கிலோ. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 52 கிராம். வங்கியில் நாள்தோறும் சிறு தொகை போட்டு வந்தவர், முதிர்வு நாளில் கிடைக்கும் தொகையைக் கண்டு தாமே வியப்பதுபோல்தான் இதுவும். சேர்வதற்குப் பதில் கழிகிறது. இடுப்பின் சுற்றளவு 12 அங்குலத்துக்கு மேல் குறைந்தது. மாடிப்படியில் முன்நோக்கி இயல்பாக இறங்கினார். பார்வையும் செவியும் தெளிவடைந்ததாக எழுதினார்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அத்தனையும் குறைந்த பிறகு அவர் எடை 156 பவுண்டு. ஏறத்தாழ 71 கிலோ. இன்று இந்தியர்களுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலின்படி, அந்த உயரத்துக்கு அதுவும் சற்று மிகுதியான எடையே. அவர் மெலிந்த மனிதராகிவிடவில்லை. நோயும் ஏளனமும் இன்றித் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் மனிதரானார். முதுமையில் எடை குறைப்பதன் நோக்கம் அதுவே.

பெற்ற பயனைத் தம்மோடு வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. 1863-இல் உடற்பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்ற பொருளில் சிறு நூலொன்றை அச்சிட்டு, முதலில் இலவசமாகவே வழங்கினார். பின்னர் விலைக்கு வந்த பதிப்புகளில் கிடைத்த ஆதாயத்தை அறக்காரியங்களுக்குக் கொடுத்தார். மருத்துவம் படிக்காதவர் மருத்துவம் பேசுவதா என்று பலர் எள்ளினர். நூல் பரவியது. ஆங்கிலத்தில் அவர் பெயரே எடை குறைப்பதைச் சொல்லும் வினைச்சொல்லாகிச் சில காலம் வழங்கியது. சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் அப்படியே வழங்குகிறது.

ஒரு நாள் நோன்பும் அன்றாட நியமமும்

ஆலய வழிபாட்டில் ஊறியவர்களுக்கு நோன்பும் நியமமும் புதியவை அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை மலையேறுவது நோன்பு. நாள்தோறும் மாலையில் விளக்கேற்றுவது நியமம். மலையேறியதைப் பிறரிடம் சொல்லி மகிழலாம். விளக்கேற்றியதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை. எனினும் ஓர் இல்லத்தின் பண்பை ஆக்குவது விளக்கேற்றும் பழக்கமே. எடை குறைப்பும் இவ்வாறே. பேன்டிங்கின் ஐம்பது நீராவிக் குளியல் செய்யாததை, ஒவ்வொரு வேளையும் மாறிய தட்டு செய்தது.

திருக்குறளில் 95-ஆம் அதிகாரத்தின் பெயர் மருந்து. அதில் மூலிகை எதன் பெயரும் இல்லை. உண்ணும் அளவும் காலமுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. தமிழருக்கு இது பழைய செய்தி. கைவிட்டுப்போன செய்தி என்றும் சொல்லலாம்.

தமிழ் இல்லத்தின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். காலையில் காப்பி, பதினொரு மணிக்கு மீண்டும் காப்பி, பிற்பகல் மூன்றரைக்கு ஒன்று, ஆலயம் சென்று திரும்பியதும் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. தலைதட்டிய தேக்கரண்டி ஒன்றில் ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை உண்டு. எட்டுக் கரண்டிக்கு 32 கிராம். ஓர் ஆண்டுக்கு பதினொன்றரைக் கிலோவுக்கு மேல். இனிப்பே தொடுவதில்லை என்று உண்மையாகவே நம்புகிற ஒருவரின் கணக்கு இது. நான்கு காப்பியையும் நிறுத்த வேண்டும் என்பதில்லை. முதல் வாரம் இரண்டு கரண்டி ஒன்றரையாகலாம். அடுத்த வாரம் ஒன்றாகலாம். நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும்.

அடுத்து தட்டு. சோறு மலையாகவும், கறி ஓரத்தில் பொட்டாகவும் இருப்பது வழக்கம். இதைத் திருப்ப வேண்டும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, சுண்டல், பனீர் போன்றவை. மீதிக் கால் பங்கு சோறு. குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று முறை பரிமாறும் பழக்கம் இருந்தால், மூன்றையும் விடாமல் ஒவ்வொன்றின் அளவையும் பாதியாக்கலாம். எண்ணெயும் நெய்யும் கணக்கில் சேரவேண்டியவை. ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரி தரும். மாவுச்சத்தும் புரதமும் நான்கு கலோரிதான் தரும்.

பருப்பும் தயிரும் வலியுறுத்தப்படுவதற்குக் காரணம் உண்டு. வயதானவர்கள் எடை குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் எடைக்கருவி மகிழ்ச்சி தரும், கால்கள் தள்ளாடும். ஆகையால் முதியோருக்குப் புரதம் குறையலாகாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவிலேனும் நாள்தோறும் புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவு வேறுபடும்; அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

விரத நாளின் பலகாரம்

விரதத்தால் எடை குறையுமே என்று சிலர் எண்ணுவார்கள். ஏகாதசியன்று அரிசி விலக்கப்படுகிறது. ஆனால் மாலையில் ரவை உப்புமாவும், ஜவ்வரிசி வடையும், உருளைக்கிழங்கு வறுவலும் வந்து சேர்கின்றன. மறுநாள் துவாதசிப் பாரணையில் பாயசத்தோடு இலை நிரம்புகிறது. இரண்டு நாளையும் கூட்டினால் சாதாரண நாட்களைவிட மிகுதியாகவே உண்டிருப்பார்கள். விரதத்தின் பயன் இறைவனை எண்ணியிருப்பதில் உள்ளது; அதை எடை குறைக்கும் கருவியாகக் கொள்வது அதற்கும் நல்லதன்று, உடலுக்கும் நல்லதன்று.

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். நோயுற்றோருக்கும் முதியோருக்கும் விரத நியமங்களில் தளர்வு அளித்திருப்பது மரபுதான். அதை ஏற்றுக்கொள்வதில் குறை ஒன்றுமில்லை.

பிரசாதம் பற்றியும் ஒரு சொல். அதை மறுக்க யாருக்கும் மனம் வராது, மறுக்கவும் வேண்டாம். உள்ளங்கையில் ஒரு சிறு கவளம் ஏற்றுக் கண்ணில் ஒற்றி உண்டால் போதும். தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் பெற்றால், மீதியை உடன் வந்த பேரக் குழந்தைகளுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் பகிரலாம். அருள் அளவினால் கூடுவதோ குறைவதோ இல்லை.

கால்களுக்கு ஏற்ற பிரதட்சிணம்

பேன்டிங்கின் படகோட்டம் எடையைக் குறைக்கவில்லை என்பதால் உடற்பயிற்சி வீண் என்று கொள்ளலாகாது. எடை குறைவதில் பெரும்பங்கு உணவுக்கு உண்டு. குறைந்த எடை திரும்பாமல் காப்பதிலும், தசையைக் காப்பதிலும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதிலும் நடைக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டும் சேரவேண்டும்.

ஆனால் முதல் நாளே திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போக வேண்டாம். 90 கிலோ உடலைத் தாங்கும் முழங்கால் அதற்கு ஆயத்தமாக இருக்காது. பக்கத்து ஆலயத்தின் பிரகாரத்தை வெயில் ஏறுமுன் பத்து நிமிடம் சுற்றுவது நல்ல தொடக்கம். மூன்று சுற்றில் மூட்டு வலித்தால் இரண்டு சுற்றுப் போதும். வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டிக்கொள்ளலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச இயலாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் உடனே நின்று உதவி பெற வேண்டும்.

வீட்டில் செய்ய எளிய பயிற்சி ஒன்று உண்டு. சுவரை ஒட்டிப் போட்ட, அசையாத நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மீண்டும் அமர வேண்டும். இயலாதவர்கள் முதலில் கையை ஊன்றியே செய்யலாம். காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை என்று தொடங்கலாம். தொடைத் தசை வலுவடைந்தால் தரையிலிருந்து எழுவதும் படியேறுவதும் எளிதாகும்.

இந்த உழைப்புக்கு மூட்டுகள் விரைவில் நன்றி சொல்லும். உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமையில் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைந்தவரின் மூட்டு, ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோ சுமையை இறக்கி வைக்கிறது.

தொடங்கும் முன்

முதற்படி மருத்துவரைக் காண்பது. தைராய்டு குறைபாட்டாலும் சில மருந்துகளாலும் எடை கூடுவது உண்டு. இரத்தம், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றின் நிலை தெரிந்த பிறகே உணவை மாற்றுவது நல்லது. எடை குறையக் குறைய நீரிழிவு மாத்திரையின் அளவையும் இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் குறைக்க நேரலாம். இல்லையெனில் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரும். அந்த மாற்றத்தை மருத்துவரே செய்ய வேண்டும்.

எல்லா முதியோரும் எடை குறைக்க வேண்டும் என்பதும் இல்லை. எழுபதைக் கடந்து, சற்றே பூசினாற்போன்ற உடலுடன், நோயின்றி நடமாடுகிறவர்கள் அப்படியே இருக்கலாம். முயலாமலே எடை குறைந்துகொண்டு வந்தால், அது மகிழத்தக்க செய்தி அன்று. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய செய்தி.

இரண்டாவது, முதல் இலக்கைச் சிறிதாக வைப்பது. 92 கிலோ எடையுள்ளவர் 65 கிலோவை எண்ணித் தொடங்கினால் மலைப்பே மிஞ்சும். நூற்றுக்கு ஐந்து என்று தொடங்கலாம், நான்கரைக் கிலோ. அந்த அளவு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையிலும் அழுத்தத்திலும் பலருக்கு முன்னேற்றம் தெரிகிறது. அதை அடைந்த பிறகு அடுத்த ஐந்து. வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது போதுமானது. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்யும் பொடிகளையும் கஷாயங்களையும் தவிர்ப்பதே நலம். மிக விரைவாக எடை குறைந்தால் தசை கரையும். பித்தப்பையில் கல் உண்டாகவும் கூடும்.

மூன்றாவது, வீட்டாரைத் துணைக்கு அழைப்பது. பல இல்லங்களில் அன்பின் மொழியே உணவுதான். "இன்னும் ஒரே ஒரு தோசை போட்டுக்கொள்ளுங்கள்" என்று மனைவி சொல்வதும், "அம்மா, உனக்காகத்தான் அல்வா வாங்கினேன்" என்று மகள் சொல்வதும் அன்பினால்தான். மறுத்தால் அவர்கள் மனம் வருந்துமே என்று உண்பவர்கள் பலர். தொடங்கும் நாளில் வீட்டார் எல்லோரையும் அமர்த்தி, தம் எண்ணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அல்வாவுக்குப் பதில் கொய்யாப் பழம் வாங்கி வருவதும் அன்பே. அதுபோல், வீட்டார் நாள்தோறும் எடையைக் கேட்டுத் துன்புறுத்தாமலிருப்பதும், ஒருநாள் தவறிவிட்டால் குத்திக்காட்டாமலிருப்பதும் அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

நான்காவது, கணக்கு. வாரம் ஒருநாள், காலையில், ஒரே கருவியில், ஏறத்தாழ ஒரே அளவு உடையோடு எடை பார்த்து ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுத வேண்டும். நாள்தோறும் பார்த்தால் உடலில் நீர் கூடுவதும் குறைவதும் மனத்தை அலைக்கழிக்கும். திருமணமும் பண்டிகையும் வந்த வாரத்தில் எண் ஏறியிருக்கலாம். அதையும் எழுத வேண்டும். பேன்டிங்கின் பட்டியலில் கடைசி இரு வரிகளும் 156 தான். அங்கே எடை நின்றுவிட்டது. நின்றதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பதற்கு, மாலை விளக்கு ஏற்றும் இல்லத்தார் விடை அறிவார்கள். வெளியூர்ப் பயணத்தில் ஒருநாள் விளக்கேற்ற முடியாமல் போனால், "நியமம் கெட்டுவிட்டது" என்று விளக்கை யாரும் பரணில் ஏற்றி வைப்பதில்லை. திரும்பி வந்த அன்று மாலையில் திரியைத் திரித்து மீண்டும் ஏற்றுகிறார்கள். மண்டபத்துப் பந்தியில் இரண்டு ஜாங்கிரி உண்டுவிட்டவரும் அன்று இரவு வழக்கமான அளவோடு உண்டு நியமத்துக்குத் திரும்பலாம். மறுநாள் பட்டினி என்னும் தண்டனை வேண்டாம்.

பேன்டிங் அதன் பின் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 1878-இல் தம் 81-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நல்வாழ்வுக்கு எடை குறைந்தது மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாது. அறுபத்தாறு வயதில் "போகிற காலம்" என்று விட்டிருந்தால், அந்தப் பதினைந்து ஆண்டுகளையும் அவர் படியில் பின்புறமாகவே இறங்கிக் கழித்திருப்பார் என்பது மட்டும் உறுதி.

நல்ல காரியத்தை நல்ல நாள் பார்த்துத் தொடங்குவது மூத்தோர் வழக்கம். பஞ்சாங்கத்தைப் புரட்டி இந்த வாரத்திலேயே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். தைப்பூசத்துக்கும் புத்தாண்டுக்கும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. அன்று காலையில் ஒரு புதிய குறிப்பேட்டில் பிள்ளையார் சுழி போட்டு, தேதியையும் எடையையும் எழுதிவிட்டு, காப்பியில் அரைக் கரண்டிச் சர்க்கரையைக் குறைத்தால் முதல் நாள் நியமம் நிறைவேறிவிடும்.